புள்ளி இல்லாத கோல்

எனக்குத் தெலுங்கு எழுதத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சந்தேகப்படுகிற ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள். நான் நகரியில் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருப்பதிக்கு வந்து பத்தொன்பது வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிறேன். அடுத்தவர்களுக்காகத் தெலுங்கில் பாரம் நிரப்பி நிரப்பியே என் விரல் காய்த்துப்போயிருக்கிறது. ரேணிகுண்டா சாலையில் இருக்கும் எங்கள் ஸ்வர்ணா லேஅவுட்டில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் பூவராகவன் வீடு எது என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

என் மனைவி தாட்சாயணி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். "உங்களுக்கும் பொல்லுக்கும் ஆவாது" என்பாள். நாம் மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளிக்குத் தெலுங்கில் பொல்லு என்று பெயர். புள்ளியாக இருக்காது, எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு சுழி. நான் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறேனாம். எப்போதோ இரண்டு தடவை விட்டிருப்பேன். அவள் இரண்டாயிரம் தடவை சொல்லிக்காட்டிவிட்டாள்.

இனி எங்கள் புட்பால் கிளப்பைப் பற்றி. அது ஆரம்பித்ததே தொப்பையைக் குறைக்க. மோகன்ராஜ் என்று ஒருவர், திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். கல்லூரியில் இரண்டாவது டீமில் ஆடியவர். அங்கே எத்தனை மேட்ச்சில் இறக்கினார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. லேஅவுட்டுக்கு நடுவில் பார்க்குக்காக விட்ட காலி இடம் ஒன்று பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. அவர் தன் கையாலேயே அதைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார். சர்க்கரை ஏறிப்போன நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பந்தை உதைக்க ஆரம்பித்தார். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

ஆறு வருஷத்தில் நாற்பது பேர் ஆகிவிட்டோம். அதில் ஒரு வேடிக்கை. சாப்பிடக் கூப்பிட வந்த வீட்டுப் பெண்கள், ஓரமாக நின்று, காலில் வந்து விழுந்த பந்தைத் திருப்பி உதைத்து, மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டார்கள். பிறகு அவர்களுடைய தங்கைகள், வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பெண்கள் எல்லாம் சேர்ந்தார்கள். இப்போது எங்கள் கிளப் என்றால் பெண்கள் டீம்தான். ஆண்கள் நாங்கள் தோசை மாவுப் பாக்கெட்டோடு ஓரத்தில் நின்று அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறோம்.

மைதானம் இருந்தது, பந்து இருந்தது, கோல் கம்பம்தான் இல்லை. பக்கத்துக்கு இரண்டு செங்கல் வைத்து ஆடினோம். செங்கல் வைத்தால் அகலம் தெரியும், உயரம் தெரியாது. அதனால் மோகன்ராஜ் ஒரு சட்டம் போட்டார். கோல்கீப்பர் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம்தான் கோலின் உயரம். அதற்கு மேலே போனால் அவுட்டு. கேட்க நியாயமான சட்டம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? கீப்பர் எவ்வளவு குள்ளமோ அவ்வளவுக்குக் கோல் சின்னது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. லேஅவுட்டிலேயே குள்ளமான பெண்ணைத் தேடிப் பிடித்துக் கீப்பராக நிறுத்தினார்கள்.

அவள்தான் கன்னிகா. நாலடி ஒன்பது அங்குலம். பிச்சாட்டூர்க்காரி, வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஸ்ரீசிட்டியில் போன் சார்ஜர் செய்கிற இடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். பேச்சு குறைவு. ஆனால் அந்த இரண்டு செங்கலுக்கு நடுவில் நின்றாள் என்றால் தரையில் வருகிற பந்து ஒன்றுகூட அவளைத் தாண்டாது. முட்டி உரிந்தாலும் கவலைப்படாமல் சரளைக் கல்லில் விழுந்து பிடிப்பாள். நாங்கள் உள்ளூரில் ஆடிய பதினோரு மேட்ச்சிலும் ஜெயித்தோம்.

அந்தத் திமிரில் போன வருஷம் ஜனவரியில் சித்தூருக்குப் போனோம். சங்கராந்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏழு பேர் ஆடுகிற பெண்கள் போட்டி ஒன்று வருஷா வருஷம் நடக்கும். அங்கே நிஜமான கம்பம், ஏழடி உயரம், மேலே குறுக்குக் குழாய். எங்கள் டீம் அதைப் பார்த்ததும் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டது. மேட்ச் தொடங்கி மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பந்து கன்னிகாவின் கைக்கு ஒரு சாண் மேலே போய்க் குழாய்க்குக் கீழே நுழைந்தது. ரெப்ரி விசில் ஊதினார். கன்னிகா பந்தை எடுத்து வந்து பொறுமையாக அவரிடம் விளக்கினாள்.

"சார், அது மேல போச்சு. அவுட்டு."

ரெப்ரிக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது, விஷயம்தான் புரியவில்லை. அவர் குறுக்குக் குழாயைக் காட்டினார். இவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். சித்தூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு அவர்கள் எல்லாப் பந்தையும் மேலேயே அடித்தார்கள். ஒன்பதுக்குப் பூஜ்யம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கன்னிகா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. குள்ளமான பெண்ணாகப் பார்த்து நிறுத்தியதில் என் ஓட்டும் இருந்தது.

நவம்பர் மாதம் ஹர்ஷினி எங்கள் லேஅவுட்டுக்குக் குடிவந்தாள். பேங்கில் புதிதாகச் சேர்ந்தவள். ஐந்தடி எட்டு அங்குலம். பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் ஆடியவள். மோகன்ராஜ் அவளை மேலும் கீழும் பார்த்த பார்வையில், அடுத்த சங்கராந்திக்கு யார் கீப்பர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கன்னிகாவுக்கும் தெரிந்துவிட்டது. அன்று ஆட்டம் முடிந்ததும் நேராக அவரிடம் வந்தாள்.

"அண்ணா, ஒரு வாட்டி நெசக் கம்பத்துக்குக் கீழ என்னெ நிக்க வெச்சுப் பாருங்க. அப்பால எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க."

"கம்பத்துக்கு நான் எங்கம்மா போவேன்? பர்மிஷன் வரலியே."

"வந்தா?"

மோகன்ராஜ் தலையைச் சொறிந்தார். "டிசம்பர் முடியறதுக்குள்ள வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் நிக்க வெச்சுப் பாக்கறேன். வரலைன்னா ஹர்ஷினிதான். மறுபடியும் ஒம்பது துன்னுட்டு வர என்னால முடியாது."

கன்னிகா போகவில்லை. "கம்பெனியில மேசை ஒயரம்னு என்னெ ஒரு ஸ்டூல் மேல நிக்க வெச்சிருக்காங்கண்ணா. எட்டு மணி நேரமும் ஸ்டூல் மேலதான். இங்க ஒண்ணுதான் நான் தரையில நின்னுக்கினு செய்ற வேலை" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கம்பம் இல்லாமல் இல்லை. கிரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மனைவி எங்கள் டீமில் ஆடுகிறாள். அவர் இரும்புக் குழாயில் இரண்டு கோலும் செய்துகொடுத்து எட்டு மாதம் ஆகிறது. நடாமல் சும்மா நிறுத்தி வைத்துப் பார்த்தோம், காற்றடித்து ஒன்று மோகன்ராஜின் ஸ்கூட்டர் மேல் சாய்ந்தது. குழி தோண்டிக் கான்கிரீட் போட வேண்டும். அந்த இடம் மல்லெகுண்டா பஞ்சாயத்துடையது, குழி தோண்ட அனுமதி வேண்டும். அதுவரைக்கும் இரண்டு கோலும் என் வீட்டு மொட்டை மாடியில் கிடந்தன. தாட்சாயணி அதில் துணி உலர்த்தினாள்.

அனுமதி கேட்டு ஜூலையில் ஒரு மனு கொடுத்தோம், செப்டம்பரில் ஒன்று. இரண்டுக்கும் பதிலே இல்லை. டிசம்பர் முதல் வாரம் மூன்றாவது மனுவை எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கலக்காமல் சுத்தத் தெலுங்கில் எழுதி அசத்துவது என்று முடிவு. புட்பால் என்ற சொல்லையே சேர்க்கவில்லை. பந்தாட்டத்துக்குத் தெலுங்கில் பந்தாட்ட என்று கடைசிப் பாராவில் ஒரே ஒரு இடத்தில் எழுதினேன். கோல் என்பதற்கு மட்டும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. 'காலி இடத்தில் இரு பக்கமும் கோல் பெட்டுவதற்கு அனுமதி கோருதல்' என்று தலைப்பு வரியிலேயே விஷயத்தைப் போட்டேன். பெட்டுவது என்றால் வைப்பது. இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. கன்னிகாவுக்கு அடுத்த நாள் வார லீவு. "நானே ஆபீஸ்ல குடுத்துட்டு வர்றேண்ணா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

ஆறாம் நாள் காலை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவர் ஹெட் கான்ஸ்டபிள். சட்டையில் சுரேஷ்பாபு என்று பெயர் இருந்தது.

"பூவராகவன் காரு எவரண்டி?"

நான்தான் என்றேன். அவர் சித்தூர்க்காரராம், தமிழுக்கு மாறிவிட்டார். "நீங்கதான் இந்த கோஷ்டிக்குத் தலைவரா?"

"செயலாளர் சார். புட்பால் கிளப்."

"அப்படித்தான் சொல்வாங்க. போன மாசம் ஒரு பஜனை கோஷ்டி. பஜனைதான்னு சொல்லிட்டு பைபாஸ்ல மறியலுக்கு ஒக்காந்துக்கினாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினார். "இது உங்க எழுத்துதானே?"

என் எழுத்துதான், என் கையெழுத்தேதான். தலைப்பு வரியைப் படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கோல் என்பதில் பொல்லு இல்லை. கோல என்று இருந்தது.

தமிழில் கோல என்றால் ஒன்றுமில்லை. தெலுங்கில் அப்படி இல்லை. கோல என்றால் கூச்சல், அமளி. கோல பெட்டுவது என்றால் ஊரைக் கூட்டிக் கூப்பாடு போடுவது. சுரேஷ்பாபு தாளை வாங்கி எனக்காக நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தார்.

"காலி இடத்துல ரெண்டு பக்கமும் கூப்பாடு போட அனுமதி கோருதல். ஐயா, நாங்கள் நாற்பது பேர், பெரும்பாலும் மகளிர். தினமும் சாயந்திரம் அஞ்சு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் கூப்பாடு போட உத்தேசித்துள்ளோம். இதற்கு முன் ரெண்டு மனு கொடுத்தும் பலன் இல்லை. இதற்கான இரும்புக் குழாய்கள் எமது வீட்டு மாடியில் தயாராக உள்ளன." தாளை மடித்தார். "குழாயைக் காட்டுங்க."

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கோலில் தாட்சாயணியின் ஆறு புடவை, இன்னொன்றில் பெட்ஷீட்டும் என் பனியன்களும். அவர் கோலைச் சுற்றி நடந்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே நின்று பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை, அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவன். "நான் ரிப்போர்ட்ல அபாயம் இல்லைன்னு எழுதிடறேன். ஆனா பஞ்சாயத்துக்காரங்க ரொம்ப பயந்துபோய் இருக்காங்க, அவங்ககிட்ட நீங்களே பேசிக்குங்க" என்று போய்விட்டார்.

எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. பத்தொன்பது வருஷத்துத் தெலுங்கு. ஒரு இடத்தில் விட்டிருந்தாலும் பரவாயில்லை, நாலு இடத்தில் கோல் வருகிறது, நாலு இடத்திலும் பொல்லு இல்லை. தாட்சாயணி சமையலறையிலிருந்து வந்து "யாருங்க அது?" என்று கேட்டாள். பாலிசி விஷயமாக வந்தவர் என்று சொன்னேன். அன்று முழுக்க ஒரு கிளையன்ட்டையும் பார்க்கப் போகவில்லை. செய்தித்தாள் ஓரத்தில் கோல், கோல், கோல் என்று பொல்லு வைத்து எழுதி எழுதிப் பார்த்தேன். கை தானாகவே பொல்லு வைத்தது. அன்றைக்கு மட்டும் எப்படி விட்டது என்று எனக்குப் புரியவில்லை. அதைவிட, என் முட்டாள்தனத்தால் கன்னிகாவுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போனதே என்றுதான் மனசு ஆறவில்லை. கூப்பாடு போடக் கேட்டவனுக்கு யார் குழி தோண்ட அனுமதி கொடுப்பார்கள்?

சாயந்திரம் மைதானத்துக்குப் போனபோது டீம் ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் ஆடினால் சும்மா ஆட மாட்டார்கள். "இங்க உடுடீ", "ஓங்கி அடிடீ" என்று ரேணிகுண்டாவில் இறங்குகிற விமானத்துக்கே கேட்கிற சத்தம். அந்த நேரம் பார்த்து பஞ்சாயத்து ஜீப் வந்து நின்றது. பஞ்சாயத்து செக்ரட்டரி தேவசேனா இறங்கினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் பெண். கூட இரண்டு பேர். ஜீப் கதவைச் சாத்தாமலே நின்று, மைதானத்தில் கத்திக்கொண்டு ஓடுகிற பெண்களைப் பார்த்தார். கூப்பாடு தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"மீ டிமாண்ட்ஸ் ஏமிட்டண்டி?" என்று கேட்டார். உங்கள் கோரிக்கை என்ன என்று அர்த்தம்.

மோகன்ராஜுக்குத் தெலுங்கு அரைகுறை, டிமாண்ட்ஸ் மட்டும் புரிந்தது. "டிமாண்டா? ரெண்டு பக்கமும் கம்பம் நடணும் மேடம். அவ்ளோதான்."

"அந்தேனா?" அவ்வளவுதானா என்று கேட்டார். நம்பவில்லை. தண்ணீர் சரியாக வருகிறதா, ரோடு, தெருவிளக்கு, சாக்கடை என்று அவரே வரிசையாகக் கேட்டார். மூன்று வருஷமாக எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். வாயைத் திறந்தால் நீதானே அந்த மனு எழுதியவன் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மூடிக்கொண்டேன். கன்னிகா மட்டும் முன்னால் வந்து, நல்ல தெலுங்கில், கோல் கம்பம் ஒன்றே போதும், நட்டுவிட்டால் எங்களால் ஒரு தொந்தரவும் இருக்காது என்றாள். தேவசேனா ஜீப்பின் பானட்டிலேயே தாளை வைத்து அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஐந்து மாதமாக வராத அனுமதி.

ஜீப் போனதும் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பஞ்சாயத்து டிரைவர் யாரிடமோ மனுவைப் பற்றிச் சொல்லியிருந்தான். மோகன்ராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னா மூளை சார் உங்களுக்கு. கோல் கேட்டா தர மாட்டான், கோல பண்றேன்னு எழுதினா ஓடி வருவான்னு எப்படி சார் தோணுச்சு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளிர் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன செய்யறது, நேரா சொன்னா யார் காதுலயும் விழறதில்லையே" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கன்னிகா தட்டவில்லை, குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் தாட்சாயணி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "பொல்லு உட்டுட்டீங்க, இல்ல?"

"வேணும்னே விட்டது."

"நாலு எடத்துலயுமா?"

"நாலு எடத்துலயும்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து சிரித்தாள்.

கம்பம் நட்டோம். மறுநாள் காலையிலிருந்தே கன்னிகா கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். குறுக்குக் குழாயில் ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டித் தொங்கவிட்டு, எம்பி எம்பி அதன் நுனியைத் தொட்டாள். தொட்டுவிட்டால் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வாள். கடைசியில் துப்பட்டா முழுக்க முடிச்சாகிக் குழாயில் ஒரு துணி உருண்டைதான் மிச்சம் இருந்தது. பால் வாங்கப் போகும்போது நான் தினமும் பார்ப்பேன். பார்த்துவிட்டு, என் பிழையில் வந்த கம்பம்தானே இது என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டுக்கொள்வேன்.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மோகன்ராஜ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆளுக்கு இருபது பந்து. ஹர்ஷினி மேலே வந்ததையெல்லாம் பறித்தாள். கீழே வந்ததற்கு அவள் குனிவதற்குள் பந்து வேலியில் போய் உட்கார்ந்துகொண்டது. பதினொன்று பிடித்தாள். கன்னிகா பதினாலு. மேலே வந்ததில் மூன்று அவள் கைக்கு எட்டவில்லை, எட்டாதது எட்டாததுதான். மோகன்ராஜ் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "கன்னிகா கோல்ல. ஹர்ஷினி அவளுக்கு முன்னாடி. மேல வர்றத தலையால முட்டித் தள்ளு" என்றார். ஹர்ஷினிக்கும் அப்பாடா என்று இருந்திருக்கும், சரளையில் விழுந்து அவள் முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

சித்தூரில் அதே மைதானம், அதே டீம், அதே ரெப்ரி. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஒன்பதிலிருந்து இரண்டு. நாங்களும் ஒன்று போட்டோம். கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து உயரமாக வந்தது. ஹர்ஷினியின் தலைக்கும் மேலே. கன்னிகா எம்பினாள். எட்டவில்லை. பந்து குறுக்குக் குழாயில் பட்டுத் திரும்பி நேராக அவள் நெஞ்சில் வந்து விழுந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரெப்ரிக்குப் போன வருஷத்து ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் வந்து "ஏம்மா, இது அவுட்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள். "கம்பம் கீதே."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே அமர்க்களம். ஜெயித்தவர்கள்கூட அவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள். நான் பின் சீட்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு மனு எழுதிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அதில் என் சாமர்த்தியம் கூடிக்கொண்டே போனது. முடித்துவிட்டு முன்னால் வந்து கன்னிகா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்தாள். எழுத்தை அழிக்கிற ஒயிட்னர்.

"இது எதுக்கும்மா?"

"நீங்க பொல்லு வெச்சிருந்தீங்கண்ணா. நாலு எடத்துலயும் அழகா வெச்சிருந்தீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரியா எழுதின மனு ரெண்டு வாட்டி குடுத்தோம். தலைப்பு வரியத் தாண்டி யாரும் படிக்கல. இந்த வாட்டி எனக்கு இருந்தது இருபத்தஞ்சு நாளு. ஆபீஸ் வாசல்ல நின்னுக்கினு படிச்சுப் பாத்தேன். அந்தச் சுழி மட்டும் இல்லாங்காட்டி எப்படி இருக்கும்னு தோணுச்சு. எதிர்க்கடையில இத வாங்கி அழிச்சிட்டேன். போலீஸ் உங்க வூட்டுக்கு வரும்னு நெனைக்கலண்ணா. மன்னிச்சிடுங்க."

சுரேஷ்பாபு காட்டியது ஜெராக்ஸ். ஜெராக்ஸில் ஒயிட்னர் தெரியாது. நான் பொல்லு வைத்திருந்தேன். நாலு இடத்திலும் வைத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்துத் தெலுங்கு என்னைக் கைவிடவில்லை. எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எழுந்தும்விட்டேன். மோகன்ராஜ் திரும்பி, "பாருங்க, நம்ம சாணக்கியர் எழுந்துட்டாரு, சொல்லுங்க சார்" என்றார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. என் எழுத்தில் பிழை இல்லை என்று சொன்னால், என் மூளையில் அந்த யோசனையும் இல்லை என்று ஆகிவிடும். சந்திரகிரி வந்துவிட்டதா என்று டிரைவரைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் மேல் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் நான் பட்ட அவமானம் சும்மாவா? ஆனால் அந்த ஆபீஸ் வாசலில், கையில் நான் எழுதிய சுத்தத் தெலுங்கோடு, மூன்றாவது தடவையும் யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்து நின்றவளை நினைத்தபோது கோபம் நிற்கவில்லை. சந்திரகிரி தாண்டும்போது அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். டப்பாவை அவள் பையிலேயே திரும்ப வைத்தேன்.

போன வாரம் தெருவிளக்குக்கு மனு எழுதினேன். தாட்சாயணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பொல்லெல்லாம் இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்கு" என்று மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்ல வழியில்லை. சாயந்திரம் மைதானத்துக்குப் போய், கோலுக்குள் நின்றிருந்த கன்னிகாவிடம் மனுவைக் கொடுத்தேன்.

"எல்லாப் பொல்லும் வெச்சிருக்கேம்மா" என்றேன். "எது வேணாமோ நீயே பாத்து எடுத்துடு."